பதினேழு வயது நிறையாத அத்தை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ‘குடும்ப நினைவுகள்’ என்ற பகுதியில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே வைக்கப்பட்டுள்ளது.)



“உங்கள் குடும்பத்தில் நன்றாக வாழ்ந்த ஒருவரைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்” என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நம் குடும்பங்களில் இதற்கு ஆள் பஞ்சம் கிடையாது. ஒரு வக்கீல் இருப்பார், ஒரு டெபுடி கலெக்டர் இருப்பார், வேதத்தில் கரை கண்ட ஒரு கொள்ளுத்தாத்தா இருப்பார். எங்கள் குடும்பத்திலும் உண்டு. அவர்களைப் பற்றிக் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று ஒவ்வொரு விசேஷத்திலும் பேசி முடித்தாகிவிட்டது. நான் இன்று பேசப்போவது என் அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தையைப் பற்றி. அவள் ஒன்றும் சாதிக்கவில்லை. அதற்கு அவகாசமும் கிடைக்கவில்லை. 1921 ஐப்பசியில் பிறந்து 1938 புரட்டாசியில் போய்விட்டாள். பதினேழு வயது நிறைய ஒரு மாதம் பாக்கி.

நான் அவளைப் பார்த்ததில்லை. நான் பிறந்தது 1950-ல், டில்லி கரோல்பாகில். அப்பா 1946-ல் சர்க்கார் உத்தியோகத்துக்காக டில்லி வந்தவர். தஞ்சாவூர் ஜில்லா எனக்குக் கோடை லீவுக்குப் போகிற ஊர், அவ்வளவுதான். கும்பகோணத்துக்குக் கிழக்கே, இரண்டு சிறகும் சேர்த்து முப்பது வீடு கூட இல்லாத ஒரு அக்ரஹாரம். அங்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா படம் உண்டு, பாட்டி படம் உண்டு, ராமர் பட்டாபிஷேகம் உண்டு. அத்தை படம் கிடையாது. எடுக்கவே இல்லை.

ஆனால் அவள் பெயர் மட்டும் எங்கள் வீட்டில் நின்றதில்லை. காரணம் சுமங்கலிப் பிரார்த்தனை. கல்யாணமோ பூணலோ நிச்சயமானால், அதற்கு முன்னால் பெண்டுகளுக்கு இலை போட வேண்டும். ஒன்பது கஜப் புடவையை மடியாக நனைத்து, உலர்த்தி, கொசுவி, கோலம் போட்ட மணையில் வைத்து, குடும்பத்தில் சுமங்கலியாகப் போனவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். எங்கள் வழக்கத்தில், இந்த வீட்டில் பிறந்து புக்ககம் போன பெண்ணுக்கும் அந்த அழைப்பு உண்டு. அதனால் நான் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து எத்தனையோ தடவை அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சேவிப்பார்கள், நானும் சேவிப்பேன். அவள் யார், எப்படி இருப்பாள், என்ன பிடிக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை. தெய்வமாகிவிட்டவளைப் பற்றி அதெல்லாம் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது அத்தையின் பெண்ணுடைய விருப்பம். அத்தை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கதையை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரதா சட்டம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிறியவர்களில் சிலர் யாரோ சாரதா என்ற அம்மாள் கொண்டுவந்தது என்று நினைக்கிறார்கள். அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சார்தா என்ற அங்கத்தினர் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மசோதா அது. 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பெண்ணுக்குக் குறைந்தபட்சம் பதினாலு வயது, பிள்ளைக்குப் பதினெட்டு. மீறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை வெறுங்காவல். ஆனால் போலீஸ் தானாக வந்து எதுவும் செய்ய முடியாது. யாராவது ஒருவர் ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். நடந்த கல்யாணமும் செல்லாததாகிவிடாது. இவ்வளவு சாதுவான சட்டம்தான்.

இந்தச் சட்டத்துக்குத் தென்னாட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தது. எதிர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் நம்மவர்கள்தான். இதைச் சொல்லும்போது யாரும் சங்கடப்பட வேண்டாம். நடந்தது நடந்ததுதான். பெண் பெரியவளாவதற்கு முன்னால் கன்னிகாதானம் ஆகிவிட வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனாருக்குத் தோஷம், ஊர் ஒதுக்கி வைக்கும் என்ற பயம். அதே சமயம் சட்டத்துக்காக வாதாடியவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். தானே பால்ய விதவையாகி, 1911-ல் பிரஸிடென்ஸி காலேஜில் பி.ஏ. பட்டம் வாங்கி, பால்ய விதவைகளைப் படிக்கவைப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்த சகோதரி சுப்பலக்ஷ்மி இதே சமூகத்துப் பெண்மணி.

சட்டம் நிறைவேறியதற்கும் அமலுக்கு வந்ததற்கும் நடுவில் ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் தேசம் முழுக்கக் கல்யாணப் பந்தல்தான். தை, மாசி, பங்குனி என்று கிடைத்த முகூர்த்தத்திலெல்லாம் குழந்தைகளுக்குக் கல்யாணம். என் தாத்தாவும் அப்படித்தான் செய்தார். சுக்ல வருஷம் மாசி மாதம், அதாவது 1930-ன் ஆரம்பத்தில், அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. அவளுக்கு வயது எட்டு. மாப்பிள்ளை பதினாறு வயது, திருச்சியில் ஹைஸ்கூல் மாணவர். அதே பந்தலில் தாத்தாவின் தாயாதி பெண்ணுக்கும் கல்யாணம். அவளுக்கு ஆறு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தாத்தா கணக்கு எழுதுகிறவர். நீளவாட்டில் தைத்த நோட்டுகளில் 1919 முதல் 1951 வரை எழுதியிருக்கிறார். அப்பா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் அவற்றில் பதினொரு நோட்டு கிடைத்தது. தமிழ் எண்களில், அரைக்கால், மாகாணி எல்லாம் போட்டு எழுதியது. அதைப் படிக்கவே எனக்கு நாலு மாதம் பயிற்சி வேண்டியிருந்தது. கல்யாணச் செலவுப் பக்கத்தில் ஓரமாக ஒரு வரி: வாத்தியாருக்கு அன்றைக்கு வேறு ஊரில் இன்னொரு முகூர்த்தம், அதனால் வண்டிச் சத்தம் தனியாகக் கொடுத்தது. அந்த ஆறு மாத அவசரத்தை எந்தப் புஸ்தகத்தையும் விட அந்த ஒரு வரி எனக்குப் புரியவைத்தது.

தாத்தா அந்தக் கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன் வாங்கினார். அடுத்த வருஷமே உலகப் பொருளாதார மந்தம் தஞ்சாவூர் வயலுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் நெல் விலை சுமார் பாதியாகிவிட்டது. வாங்கின கடன் அப்படியே நிற்க, அதை அடைக்க விற்க வேண்டிய நெல் இரண்டு மடங்காயிற்று. நோட்டில் வட்டி வரிகள் வருஷா வருஷம் நீண்டுகொண்டு போகின்றன.

நான் மத்திய சர்க்காரில் புள்ளிவிவரங்கள் கையாளும் ஒரு இலாகாவில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எண்களிடம் போய் மாட்டிக்கொண்டவன். அங்கே லைப்ரரியில் 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை இருந்தது. ஹட்டன் என்பவர் கமிஷனராக இருந்து தயாரித்தது. அதில் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவிமார் எண்ணிக்கை இருக்கிறது. 1921-ல் சுமார் 85 லட்சம். 1931-ல் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சட்டம், அமலுக்கு வருவதற்குள் அதைப் பெருக்கிவிட்டுப் போயிற்று. இலாகாவில் நாங்கள் இதை ஒரு விசித்திரமான எண்ணாகப் பேசிக்கொள்வோம். பல வருஷம் கழித்துத் தாத்தாவின் நோட்டைப் படித்த ராத்திரிதான் எனக்குப் பொறி தட்டியது. 1931 பிப்ரவரி 26-ந் தேதி கணக்கெடுத்தபோது அத்தைக்கு ஒன்பது வயது. அந்த 1 கோடியே 20 லட்சத்தில் அவளும் ஒருத்தி.

கல்யாணம் ஆனாலும் அத்தை பிறந்தகத்தில்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் அவளுக்குக் கணக்கு அபாரமாக வரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா அவளுக்கு ஐந்து வயது சின்னவர். முக்கால் வாய்ப்பாடு, அரைக்கால் வாய்ப்பாடு எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். தப்பாகச் சொன்னால் திட்ட மாட்டாளாம், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளாம். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே சரியாகப் படித்தேன் என்பார் அப்பா.

1936-ல் பதினாலாம் வயதில் புக்ககம் போனாள். அத்திம்பேருக்கு அதற்குள் திருச்சியில் சவுத் இந்தியன் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது. நல்ல மனிதர்கள். அவளை வைத்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று பாட்டியே சொல்லியிருக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து, 1938 ஆடியில், பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்தாள்.

அந்த இரண்டு மாதம்தான் அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்த காலம். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம். சாயங்காலம் வீடு திரும்பியதும், “இன்னிக்கு என்னடா சொல்லிக் கொடுத்தா?” என்று கேட்பாளாம். சரித்திரப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். அக்பரைப் பற்றி மூன்று நாள் கேட்டாள் என்று அப்பா சொன்னார். மாங்காய்ச் சீசன் முடிந்துவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டு உப்பில் போட்ட மாவடுவை எடுத்துத் தின்பாளாம். இவ்வளவுதான் அவரிடமிருந்து கிடைத்தது. இதையும் அவர் எழுபது வயதுக்கு மேல்தான் சொன்னார்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். 1938 ஆவணி மாதத்துப் பால் கணக்கு. வீட்டுப் பசு வற்றிப்போயிருந்ததால் வாடிக்கைப் பால். தினம் எத்தனை உழக்கு என்று எழுத வேண்டும். அந்தப் பக்கத்தில் தாத்தாவின் சாய்ந்த எழுத்து இல்லை. உருண்டையாக, ஒவ்வொரு எழுத்தும் பிரிந்து நிற்கிற வேறு ஒரு கையெழுத்து. பாட்டிக்கு எழுதத் தெரியாது. அப்பாவின் எழுத்து எனக்குத் தெரியும். வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. அத்தைதான். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை என்று தாத்தா அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தின் கீழே தாத்தா போட்ட கூட்டல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அதே உருண்டை எழுத்தில் ஒரு வரி: “அப்பா, இதில் ஓரணா கூட விழுந்திருக்கிறது.” நான் கூட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அந்தக் கையெழுத்து புரட்டாசி மூன்றாம் தேதியோடு நிற்கிறது. அதன் பிறகு மறுபடி தாத்தா. மருத்துவச்சிக்குக் கூலியும் ஒரு புடவையும். இரண்டு நாள் ஒன்றும் விசேஷமில்லை. எட்டாம் தேதி டாக்டருக்கு ஜட்கா வண்டிச் சத்தம். ஒன்பதாம் தேதி மறுபடி வண்டி, மருந்து. பத்தாம் தேதி, பதினோராம் தேதி மருந்து. பன்னிரண்டாம் தேதிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வரி பதினாறாம் தேதி, பால்: தினப்படியை விட ஒரு உழக்கு அதிகம். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லாமல் போனதால் வாங்கின பால் அது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தாத்தா ஒரு இடத்திலும் எழுதவில்லை. பால் கணக்கில் அது தானே வந்துவிட்டது.

‘ஜன்னி கண்டு போய்விட்டாள்’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சயன்ஸ் படித்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரசவத்தில் உண்டாகும் காயத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் புகுந்து ரத்தத்தில் பரவுவதுதான் பிரசவ ஜன்னி. மூன்றாம் நாள், நாலாம் நாள் காய்ச்சல் ஆரம்பிக்கும். அந்தக் கிருமி பெரும்பாலும் பிரசவம் பார்க்கிறவர்களின் கையோடு வருவது. வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய வார்டில் அந்த வருஷம் ஏப்ரலில் பிரசவித்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். டாக்டர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். ஜூனில் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கூட இருந்தவர்கள் பலர் அவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

மருந்தும் வந்துவிட்டிருந்தது. ஜெர்மனியில் டோமாக் என்பவர் பிராண்டோசில் என்ற சல்ஃபா மருந்தைப் பற்றி 1935-ல் வெளியிட்டார். லண்டனில் கோல்புரூக் என்ற டாக்டர் அதைப் பிரசவ ஜன்னிக்குக் கொடுத்துப் பார்த்து 1936-ல் முடிவை அறிவித்தார். முதலில் மருந்து கொடுக்கப்பட்ட 38 பேரில் இறந்தது 3 பேர்தான். அதற்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இறந்துகொண்டிருந்தார்கள். அதாவது அத்தை போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் லண்டனில் அந்த ஜன்னிக்கு மருந்து இருந்தது. எங்கள் அக்ரஹாரத்துக்கு அது வந்து சேரவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனாக அப்பா ஜட்காவில் போய்க் கூட்டிக்கொண்டு வந்த டாக்டர், மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்துவிட்டு, “ஸ்வாமியை வேண்டிக்கோங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தக் காலத்தில் எத்தனை பெண்கள் இப்படிப் போனார்கள்? 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை, ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார் இறந்ததாகவும், தேசத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. மதிப்பீடு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிராமங்களில் ஜனன மரணப் பதிவேடு வைத்திருந்தவர்கள் டாக்டர்கள் அல்ல. காலரா, அம்மை போன்ற தெரிந்த வியாதி இல்லையென்றால் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்ற பத்தியில் போட்டுவிடுவார்கள். பிரசவ ஜன்னியும் காய்ச்சல்தானே! என் அத்தையும் அந்தப் பத்தியில்தான் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். பிற்காலக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018-20 காலத்துக்கான சர்க்கார் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி இந்தியாவில் லட்சம் குழந்தைப் பேற்றுக்கு 97 தாய்மார் மரணம், தமிழ்நாட்டில் 54. போர் கமிட்டி சொன்ன கணக்கை லட்சத்துக்கு மாற்றினால் 2,000. எங்கே இருந்தோம், எங்கே வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

சட்டமும் அப்படியே மெல்ல நகர்ந்தது. பெண்ணின் வயது 1949-ல் பதினைந்து ஆயிற்று, 1978-ல் பதினெட்டு. ஆனால் நம் வீடுகளில் மாறுதல் சட்டத்துக்கு முன்னால் போயிற்று. என் சின்ன அத்தை 1931-ல் அதே வீட்டில், அதே தாத்தா பாட்டிக்குப் பிறந்தவள். எஸ்.எஸ்.எல்.ஸி. முடித்து, பத்தொன்பது வயதில் கல்யாணம், முதல் பிரசவம் கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில். நாலு குழந்தைகள் பெற்று எண்பத்தி மூன்று வயது வரை இருந்தாள். இரண்டு அக்கா தங்கைகளுக்கும் நடுவில் பத்தே வருஷம். சின்னவளுக்கு அவசரப்பட்டுக் கல்யாணம் செய்ய வேண்டாம் என்று முதலில் சொன்னது தாத்தாதான் என்பாள் பாட்டி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தாத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இங்கே நிற்கவில்லை. ஊர் ஒதுக்கிவிடும் என்று பயந்த ஒரு சாதாரண மிராசுதார் அவர். அந்தக் கல்யாணக் கடனுக்கு என்ன ஆயிற்று என்றும் நோட்டு சொல்கிறது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி தள்ளுபடி. தாத்தாவின் வட்டி வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து ‘சட்டப்படி தீர்ந்தது’ என்று எழுதியிருக்கிறது. கல்யாணக் கடன் இறங்கியதும் கல்யாணப் பெண் போனதும் ஒரே நோட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் அவர் வேறு ஒன்றும் எழுதவில்லை.

குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. அத்திம்பேர் மறு வருஷம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அது அன்றைய வழக்கம். குழந்தையைப் பாட்டியே வைத்துக்கொண்டு வளர்த்தாள். அவள்தான் என் அத்தங்கா. கல்யாணமாகி மும்பை மாட்டுங்காவில் அறுபது வருஷத்துக்கு மேல் வாசம். பேரன் பேத்தி எல்லாம் எடுத்தாயிற்று.

2014-ல் என் தம்பி பெண்ணின் கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை. அத்தங்காதான் பெரியவள். பெண்டுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறபோது தன் அம்மா பெயரையும் அவளே சொன்னாள். எல்லாம் முடிந்து சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டாள்: “ஏண்டா, எழுபத்தி அஞ்சு வருஷமா இந்தப் பேரைச் சேவிச்சுண்டிருக்கேன். எங்கம்மா எப்படி இருப்பா, என்ன பேசுவான்னு யாருமே எனக்குச் சொல்லலையே. பாட்டிகிட்டே கேட்டா அழுவா, அதனால கேக்கறதையே விட்டுட்டேன்.”

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா என்னிடம் சொன்ன மூன்று நாலு விஷயங்களை அவளிடம் அவர் சொன்னதே இல்லை. தாயில்லாப் பெண்ணிடம் தாயைப் பற்றிப் பேசக் கூடாது என்று அந்தத் தலைமுறை முழுவதும் நினைத்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். அதனால் அவள் அம்மாவை இரண்டு தடவை இழந்தாள்.

அடுத்த மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு மும்பை போனேன். ஆவணி மாதப் பக்கத்தைப் பிரித்து முன்னால் வைத்து, “இது உன் அம்மா எழுத்து” என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். எண்களின் மேல் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஓரணா கூட விழுந்திருக்கிறது என்ற வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா வர்ணித்த சிரிப்பு. அதை அவளிடம் சொன்னேன். அப்புறம்தான் அழுதாள்.

அந்த நோட்டு இப்போது அவளிடம் இருக்கிறது. போட்டோ எடுத்த பிரதி மட்டும் என்னிடம்.

என் பேச்சின் சாரம் இதுதான். என் அத்தையின் சின்ன வாழ்க்கைக்கு இரண்டு இடத்தில் பதிவு இருந்தது. சர்க்கார் கணக்கில் ஒரு எண்ணாக, எங்கள் பூஜையில் ஒரு பெயராக. இரண்டும் வேண்டியவைதான். முதலாவது இல்லையென்றால் சட்டமும் ஆஸ்பத்திரியும் வந்திராது. இரண்டாவது இல்லையென்றால் பெயரே மறந்திருக்கும். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்பது இரண்டிலும் இல்லை. அது ஒரு தம்பியின் ஞாபகத்திலும் ஒரு பால் கணக்கிலும் மட்டுமே இருந்தது. தம்பி வாய் திறக்காமல் போயிருந்தாலோ, நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருந்தாலோ, அவ்வளவுதான்.

இங்கே இருக்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பிரசவத்தில் போனவள், க்ஷயத்தில் போன சித்தப்பா, வைசூரியில் போன குழந்தை, பர்மாவிலிருந்து நடந்து வரும்போது வழியில் விட்ட மாமா. சாதனை இல்லாததால் அவர்களைப் பற்றி மலரில் யாரும் எழுதுவதில்லை. அங்கத்தினர்களை மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன். பிரார்த்தனையிலும் சிராத்தத்திலும் சொல்கிற பெயர்களுக்கு நேரே பிறந்த வருஷம், போன வருஷம், காரணம் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பிரபவ, விபவ என்று வருஷப் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும், கணக்குப் போட்டுவிடலாம். இரண்டாவது, பரணில் இருக்கும் பழைய நோட்டு, போஸ்ட் கார்டு, ஜாதகக் கட்டு எதையும் படித்துப் பார்க்காமல் கழிக்காதீர்கள். மூன்றாவது, அவர்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால் அவர்களிடம் சின்னச் சின்ன விஷயங்களாகக் கேளுங்கள். என்ன சாப்பிடப் பிடிக்கும், எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபம் வரும். பெரிய கேள்வி கேட்டால் பெரியவர்கள் ‘எல்லாம் விதி’ என்று முடித்துவிடுவார்கள். சின்னக் கேள்விக்குத்தான் பதில் வரும்.

அப்படிப் பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயதுக்குக் குறையாமல் இருக்கும். ஆகையால் அடுத்த ஆண்டு விழா வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போன் பண்ணுங்கள்.